பரணைப் பார்க்காமல் பெர்மிட் இல்லை!

"ஏணி இல்லைன்னா என்ன சார்? மேஜை மேல ஸ்டூலைப் போட்டு ஏறிக்கறேன்."

"ஸ்டூல் ஆடும் சார்... விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா!"

"பதினெட்டு வருஷமா விழாம ஏறிட்டிருக்கேன்."

நகராட்சிக் கட்டட இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கையில் டார்ச். கக்கத்தில் பெர்மிட் ஃபைல்.

வீட்டுக்காரனான வாட்ச் மெக்கானிக்குக் கழுத்தில் வியர்வை ஓடியது.

அண்ணாந்து பார்த்தான். பலகைத் தளத்தில் ஒரு சதுரக் கதவு. அதற்கு மேலே பரண். பரணுக்கு மேலே ஒழுகும் ஓட்டுக் கூரை.

பரணில் ஒரு தகரப் பெட்டி.

பெட்டிக்குள்... அவனுடைய மச்சான்!

இரண்டு வருஷமாக!

"ஓடு மாத்தறதுக்குப் பரண் எதுக்கு சார்? வெளியிலேர்ந்து பார்த்தாலே தெரியுதே!"

"உத்திரம் உளுத்திருக்கான்னு பார்க்கணும். பரணைப் பார்க்காம பெர்மிட் கிடையாது."

"அப்ப பெர்மிட்டே வேணாம். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்!"

"என்னது?"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் மனைவி. அவனிடம் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்ட புண்ணியவதி.

"கட்டில்ல குடை பிடிச்சுத் தூங்கற ஒரே குடும்பம் நாமதாங்க! வாபஸாம், வாபஸ்! நீங்க ஏறுங்க சார்."

"வாபஸும் முடியாதும்மா. இடியற நிலைமைன்னு எழுதியிருக்கீங்க. பார்க்க விடலைன்னா போலீஸோடதான் வரணும்."

போலீஸ்!

"எங்க அண்ணன் ஊர்ல இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருக்கும்" என்று மூக்கை உறிஞ்சினாள். "வெளிநாடு போன மனுஷன்... ஒரு போன் கூட இல்லை சார்!"

"போன இடத்துல சிக்னல் இல்லையோ என்னவோ" என்றான் அவன் ஈனஸ்வரத்தில்.

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் ஏறினார். ஸ்டூல் மேல் ஏறினார்.

ஸ்டூலை ஒரே இழுப்பு... ஆள் கழுத்து முறிந்துவிடும்! அவன் விரல்கள் ஸ்டூல் காலை இறுக்கின.

"நானும் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேங்க!"

மனைவி எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். போச்சு!

கதவுக்குள் தலை நுழைந்தது. இடுப்பு நுழைந்தது. கால்களும் மறைந்தன.

டொக்... டொக்... தலைக்கு மேல் காலடிகள்.

நின்றன.

க்ரீச்...!

பெட்டியின் மூடி!

அவன் கண்கள் வாசலைத் தேடின. ஒரு கையை மெல்ல எடுத்தான்.

"எங்கே போறீங்க? விடாதீங்க! இறங்கும்போது பாவம், விழுந்துடுவாரு!"

விடவும் முடியாது, ஓடவும் முடியாது. தன்னைத் தூக்கில் போடப்போகிறவனுக்கு ஸ்டூல் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்து நிமிஷம்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. தூசியைத் தட்டினார்.

"குடிக்கத் தண்ணி குடுங்கம்மா."

அவள் உள்ளே போனதும் பேனாவைத் திறந்து ஃபைலில் விறுவிறுவென்று எழுதினார். அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'உத்திரம் உறுதி. பரண் காலி. கூரையை மாற்றத் தேவையில்லை. பெர்மிட் மறுக்கப்படுகிறது.'

"சார்...! பெட்டியை நீங்க..."

"பார்த்தேன். பத்து வருஷத்துக்கு எவனும் இந்தப் பரண்ல கால் வைக்க மாட்டான்." அவன் தோளில் கை போட்டார். "நாத்தமே வராம சுண்ணாம்பு கொட்டி வெச்சிருக்கீங்க பாருங்க... பிரமாதம்! எனக்கு அந்த யோசனை வரலை."

"உ... உங்களுக்கா?"

இன்ஸ்பெக்டரின் குரல் முதல் முறையாக நடுங்கியது.

"என் சம்சாரமும் கூரை மாத்த பெர்மிட் போட்டுட்டா சார். நாளைக்குக் காலையில ஆய்வு. வரப்போற இன்ஸ்பெக்டர் பயங்கர நேர்மையான ஆளு!"

சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவசரமாகக் காதருகே குனிந்தார்.

"உங்க ஆளு பக்கத்துல இடம் தாராளமா இருக்கு. என் மாமனார் கொஞ்சம் பருமன்தான்... ஆனா வாயே திறக்க மாட்டாரு. சாயங்காலம் கூட்டிட்டு வந்து விட்டுடட்டுமா சார்?"