பளபளத்த கம்பி

கதவு படாரென்று திறந்தது. மழைக்காற்று உள்ளே பாய்ந்ததில் ஆய்வுக்கூடத் தராசின் எண்கள் தாறுமாறாக ஓடின. அதன் முன் உட்கார்ந்திருந்தவள் பதறினாள்.

"ஐயோ... கதவைச் சாத்துங்க!"

வந்தவன் சாத்தினான். தலையிலிருந்து நீர் சொட்ட, ஒரு வெள்ளை எனாமல் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு அப்பாவிக் கண்கள்... திட்ட வாயெடுத்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மூச்சு விட்டாலே இந்தத் தராசு ஆடும். நீங்க புயலையே கூட்டிட்டு வந்துட்டீங்க."

"அப்ப மூச்சை அடக்கிக்கிறேன், மேடம்."

நிஜமாகவே அடக்கினான். கன்னம் இரண்டும் உப்பின. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனாமல் பட்டறைக்காரன் அவன். உலைக்குள் தட்டுகளைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் சூட்டில் கருகிச் செதில் செதிலாக உதிர்ந்து, வெள்ளைத் தட்டெல்லாம் கரும்புள்ளி. கருகாத கம்பி இந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் என்று யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறான்.

அவள் உருவாக்கிக்கொண்டிருந்ததும் அதைத்தான். இரும்போடு அலுமினியம் கலந்த கம்பி. சூடேறியதும் அதன்மேல் மெல்லிய சாம்பல் நிறத் தோல் ஒன்று படியும். அதைத் தாண்டிக் காற்று உள்ளே போகாது, இரும்பு பிழைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூட உலையில் தேறிவிட்டது. பட்டறையிலும் தேறாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். அவளுடைய இத்தனை வருட உழைப்பும் அதோடு போய்விடும்.

கம்பியைக் கொடுத்தாள். வாரம் ஒருமுறை எடை பார்க்கக் கொண்டுவரச் சொன்னாள்.

வந்தான். ஒவ்வொரு முறையும் தேய்த்த சட்டை, துணியில் சுற்றிய கம்பி, வாய் நிறைய அரட்டை... அவன் வரும் நாளில் கண்ணாடி முன்னால் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் எடை குறைந்துகொண்டே போனது. தோல் படிந்து நின்றால் எடை இம்மியளவு ஏற வேண்டும். குறைகிறதென்றால் தோல் நிற்கவில்லை... அழுகை முட்டியது. அது கோபமாக வெளியே வந்தது.

"உங்க உலையிலதான் ஏதோ கோளாறு."

"எங்கப்பா கட்டின உலை அது! உங்க தராசுதான் சொத்தை."

சொன்னவன் கம்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். அதன்பிறகு வரவே இல்லை.

கடைசியில் மேலதிகாரி கம்பியைத் திருப்பி வாங்கிவரச் சொன்னார். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கொட்டும் மழையில் பட்டறைக் கதவைத் தள்ளினாள். காற்று முந்திக்கொண்டு நுழைந்தது. தட்டில் சலித்திருந்த வெள்ளை எனாமல் பொடி புஸ்ஸென்று பறந்தது.

"ஐயோ... கதவைச் சாத்துங்க!"

அவன்தான். கையில் அவள் கம்பி... மறு கையில் அதைத் தேய்க்கும் உப்புத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"திருப்பிக் கொடுக்கணும்ல. அழுக்கா எப்படிக் கொடுக்கிறது?"

மூலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா சிரித்தாள். "இன்னிக்கு மட்டுமா? உங்களைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் இதே கூத்துதான் மா."

அவள் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அது அழுக்கில்ல... அந்தத் தோல்தான் என் வேலையே."

அவன் முகம் வெளிறியது. "ஐயோ... நானேதான் உரிச்சுட்டேனா?"

"தட்டுல புள்ளி விழுந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லையே..."

அவள் நிமிர்ந்தாள். உரிக்க உரிக்க, ஒவ்வொரு சூட்டிலும் கம்பி புதுத் தோல் போர்த்தி நின்றிருக்கிறது! மேலதிகாரியிடம் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? கண்கள் நிறைந்துவிட்டன.

அக்கா, அடுக்க வேண்டிய தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் தேய்ச்சீங்க?"

"உங்க கையில கொடுக்கிறது பளிச்சுனு இருக்கணும்னு..." தரையைப் பார்த்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு. அதான். கோபமா?"

"என் மேலதான் கோபம். பளபளன்னு வந்த கம்பியைப் பார்த்த உடனே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"ஏன் புரியல?"

மழை ஓட்டின் மேல் கொட்டியது. அவள் காதுமடல் சிவந்தது.

"நான் எங்க கம்பியைப் பார்த்தேன்... உங்களைத்தானே பார்த்துட்டிருந்தேன்."

அவன் மூச்சு விட மறந்து நின்றான்.