அக்கா விட்டுப்போன சத்தம்

மாமா வரச்சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே சின்னு அந்த வீட்டை அடைந்துவிட்டாள். சரிவான சந்தின் கடைசி வீடு. மழை வருவது போல மதியமே இருட்டிக்கொண்டு கிடந்தது. தோளில் தொங்கிய பையில், மின்சாரத்தால் விதவிதமான சத்தங்களைச் செய்கிற அவளுடைய புது இசைக் கருவி, சிந்தசைசர், இருந்தது. அது இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கதவைத் திறந்தபோதே காலில் செருப்பு மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றார்.

"கடைக்கு ஓடணும் சின்னு. அஞ்சு மணிக்கு வந்துடுவேன். அக்காவோட மெஷின் மேலதான் இருக்கு. கொஞ்ச நாளா கொரகொரன்னு ஒரு சத்தம் வருது. பார்த்துச் சரிபண்ணிக் கொடு."

"சரி மாமா."

இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"எதையும் திருப்பிடாதே, என்ன? அவ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு. நான் சுவிட்சைக்கூட அணைக்கல."

அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக அந்த இயந்திரம் அணையாமல் இருக்கிறது.

சின்னு மாடி ஏறினாள். கதவைத் தள்ளியதும் சூடேறிய தூசியின் வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்த பழைய சிந்தசைசர். முகப்பில் முப்பத்தெட்டுக் குமிழ்கள். அதற்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. சின்னுவின் புது இயந்திரத்தில் மூவாயிரம் சத்தங்கள் பெயரோடு அடுக்கியிருக்கும். பொத்தானை அமுக்கினால் வந்து நிற்கும். இதில் அப்படி இல்லை. குமிழ்கள் நிற்கிற நிலைதான் சத்தம். ஒன்றை அரை இழை திருப்பினாலும், இருந்த சத்தம் போனது போனதுதான்.

இந்த இயந்திரத்தில்தான் அக்கா காற்றைச் செய்தாள், தூரத்து ரயிலைச் செய்தாள், கண்ணாடி விரிசல் விடுகிற ஒலியைச் செய்தாள். படங்களுக்கு இசையமைப்பவர்கள் அவள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். சின்னுவிடமும் வருவார்கள். வந்து உட்கார்ந்து, அவள் ராப்பகலாய்ச் செய்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா உங்க அக்கா செய்ற மாதிரி..." என்று இழுப்பார்கள். அந்த 'மாதிரி'யைக் கேட்டுக் கேட்டு இருபது வருடமாகச் சின்னுவின் வயிறு எரிந்திருக்கிறது.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. தங்கை அறைக்குள் வந்தால் ஒரு துண்டை எடுத்துக் குமிழ்கள் மேல் போட்டு மூடிவிடுவாள். "காகிதத்துல குறிச்சு வெச்சுக்கயேன் அக்கா" என்று ஒரு முறை சின்னு சொன்னதற்கு, "குறிச்சு வெச்சா நீ சுட்டுடுவியே" என்று சிரித்தாள். பாதிதான் சிரிப்பு.

கடைசி இரண்டு வருடம் அந்தச் சிரிப்புக்கும் ஒலி இல்லாமல் போயிற்று. தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சை செய்து உயிரை விட்டுவைத்தவர்கள் குரலை எடுத்துவிட்டார்கள். பிறகு உயிரும் நிற்கவில்லை.

இப்போது துண்டு இல்லை. முப்பத்தெட்டுக் குமிழ்களும் திறந்து கிடந்தன.

சின்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குமிழ்களுக்குக் கீழே ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற கட்டைகளில் நடுவில் இருந்த ஒன்றை அமுக்கினாள்.

"வா."

சின்னு கையைச் சட்டென்று எடுத்தாள்.

மறுபடி அமுக்கினாள். மூடிய உதடு மெல்லப் பிரிவது போல ஒலி திறந்தது. அடியில் கொஞ்சம் மூச்சு. முடிகிற இடத்தில் அந்தச் சின்ன இழுப்பு. சிறுவயதில் மொட்டை மாடியிலிருந்து கூப்பிடும்போது வருமே, அதே இழுப்பு.

அக்காவின் குரல். அறுவைக்கு முன்னால் இருந்த குரல்.

பதிவு செய்த குரல் இல்லை இது. இந்த இயந்திரத்தால் எதையும் பதிவு செய்ய முடியாது. வெறும் மின்சாரத்தை எடுத்து, வடிகட்டி, வளைத்து, பேச முடியாத ஒருத்தி உட்கார்ந்து தன் குரலைத் தானே செய்திருக்கிறாள்.

பயம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். சின்னுவுக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். சாகக் கிடக்கும்போதுகூட இவளால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. ஏழு பிறவி எடுத்தாலும் என்னால் முடியாது.

பையைத் திறந்து புது சிந்தசைசரை எடுத்தாள். ஒயரை மாட்டினாள். ஒவ்வொரு கட்டையாக அமுக்கி அந்தக் குரலை முழுக்கத் தன் இயந்திரத்துக்குள் பதிந்துகொண்டாள். முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. இன்னொருவர் வந்து இதை எடுத்துவிட்டால்? 'அக்கா செய்த கடைசிச் சத்தம்' என்று ஊர் முழுக்கப் பேசினால்?

முதல் குமிழைப் பிடித்துப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள்.

இரண்டாவது. மூன்றாவது.

குமிழ்கள் வெதுவெதுப்பாக இருந்தன. எட்டு மாதமாக ஓடுகிற இயந்திரம், இருக்காதா என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இருபதைத் தாண்டியதும் அவை இறுக ஆரம்பித்தன. துரு பிடித்த இறுக்கம் இல்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற இறுக்கம்.

சின்னு பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

கடைசிக் குமிழ் அவள் விரலுக்குள்ளேயே திரும்பிப் பழைய இடத்துக்குப் போனது.

இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

அறையில் யாரோ நீளமாக மூச்சை இழுப்பது கேட்டது. விடுவது கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு கட்டையை அமுக்கினார். ஜன்னலில் மாட்டிக்கொண்ட ஈ போல ஒரு ரீங்காரம் வந்தது. அவ்வளவுதான்.

மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

"சின்னு... என்னம்மா இது?"

"கொரகொரப்பு எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும்னா எல்லாத்தையும் திருப்பித்தான் ஆகணும் மாமா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"உன் மேல தப்பில்ல. ஏன் திருப்பக்கூடாதுன்னு நான்தான் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அது அவ குரல்மா. தினமும் கடையிலேருந்து வந்ததும் ஒரே ஒரு தடவை அமுக்குவேன். வான்னு சொல்வா. அது போதும் எனக்கு."

குரல் அவள் பைக்குள்தான் இருந்தது. எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். சின்னு பையின் வாயை இழுத்து மூடினாள். நாற்பது வயதில் அவளுக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதையும் பங்கு போட வேண்டுமா?

"வரேன் மாமா" என்று படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைப்பாளர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் ஒரு காலி வீடு, ஆளில்லாமல் ஒரு குரல் கூப்பிட வேண்டும், மனிதக் குரலாகவும் இருக்கக்கூடாது என்றார். "உங்க அக்கா இருந்திருந்தா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே சின்னு கட்டையை அமுக்கினாள்.

"வா."

சவுண்ட் இன்ஜினியர் காதிலிருந்த ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

"யாரும்மா செஞ்சது இதை?" என்றார் இசையமைப்பாளர். கண் கலங்கியிருந்தது.

"நான்தான்."

சொல்லும்போதே தொண்டையில் ஏதோ சிக்கியது. இருமிப் பார்த்தாள். போகவில்லை.

"இருபது வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? உங்க அக்காவால இது முடியாது. சத்தியமா முடியாது."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் வாழ்ந்திருந்தாள். மனம் நிறைந்து சிரித்தாள். அப்போது இன்ஜினியர் தன் திரையை உற்றுப் பார்த்தபடி, "மேடம், உள்ளே மைக் எதுவும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"உங்க லைன்ல யாரோ மூச்சு விடுறாங்க."

வீட்டுக்கு வந்து அன்று மாலையே சரிபார்க்க உட்கார்ந்தாள். பதிந்த குரலை விட்டுவிட்டு, தான் செய்த மணி ஓசையை எடுத்து அமுக்கினாள்.

"வா."

பொத்தான் மாறி அமுங்கியிருக்கும் என்று வயலின் ஓசைக்குப் போனாள்.

"வா."

மேளம். புல்லாங்குழல். மழை. மூவாயிரம் சத்தங்களில் எதைத் தொட்டாலும் அதே குரல், அதே இழுப்பு. சின்னு இத்தனை வருடமாகச் சொந்தமாகச் செய்து பெயர் வைத்துச் சேர்த்த ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்காவின் குரலை அழித்துப் பார்த்தாள். அழிந்துவிட்டதாகத் திரை சொன்னது.

கை வைக்காமலே இயந்திரம் கூப்பிட்டது.

மின்சார ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

அதற்குள் அவள் குரல் கரகரத்திருந்தது. மூன்றாம் நாள் பாதியாயிற்று. வார முடிவில் வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. தொலைபேசியில் இசையமைப்பாளர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். கண்ணாடி முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. கடைசி நாட்களில் அக்காவின் உதடு அசைந்த மாதிரியே.

அன்று மத்தியானமே மாமா வீட்டுக்கு ஓடினாள். நடந்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். குரலைத் திருடியது, குமிழ்களைத் திருப்பியது, பொறாமை, எல்லாம். மாமா வாசலிலேயே நின்று தாளை இரண்டு முறை படித்தார்.

"நீதானே வந்து பழையபடி வெச்சுட்டுப் போனே?" என்றார்.

சின்னு இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப யாரு? நேத்து வந்து பார்க்கிறேன், எல்லாக் குமிழும் அதது இடத்துல நிக்குது. நீ மனசு கேட்காம வந்திருப்பேன்னு நினைச்சேன்."

மாடிக்குக் கூட்டிப் போனார். தூசி வாசனை இப்போது இல்லை. மருத்துவமனையில் அக்காவின் தலைமாட்டில் வீசிய மருந்து நெடி அடித்தது. முப்பத்தெட்டுக் குமிழ்களும் நின்ற நிலையைச் சின்னு பார்த்தாள். அவள் விரல்களுக்கு அந்த நிலை மறக்கவில்லை. முப்பத்தேழு சரியாக இருந்தன. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒலி எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்கிற குமிழ் அது.

"அவளே வந்துட்டா, அவ்வளவுதான்" என்றார் மாமா. குரலில் பயமே இல்லை. "ஆனா இப்ப வேற ஒண்ணு சொல்றா. கேளு."

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் கட்டை அமுங்கிவிட்டது.

நாக்கு பல்லில் தட்டுவது தெளிவாகக் கேட்டது.

"தா."

"எதைக் கேக்குறான்னுதான் எனக்குப் புரியல" என்றார் மாமா.

சின்னுவுக்குப் புரிந்தது. தொண்டையைப் பொத்திக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவள் தொண்டை மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் மேசை மேல் விழுந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிற மாதிரியான அறை. மருத்துவர் வயதான பெண்மணி, பேச்சில் அவசரம் இல்லை. சிறு விளக்கால் உள்ளே பார்த்துவிட்டு, "கட்டி, புண் ஒண்ணும் இல்லையேம்மா. ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

சின்னு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'சத்தமே வரவில்லை.'

"வரும். பயந்துட்டீங்க, அதான். நாக்கை நீட்டி ஆன்னு சொல்லுங்க பார்ப்போம்."

சின்னு வாயைத் திறந்தாள்.

"ஆ..."

வந்தது. தெளிவாக, முழுசாக. சந்தோஷத்தில் சின்னுவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா! எவ்வளவு நல்ல குரல்!" என்றார் மருத்துவர்.

அப்போதுதான் அவள் காது அதைச் சரியாக வாங்கியது. அடியில் கொஞ்சம் மூச்சு. முடிகிற இடத்தில் அந்த இழுப்பு. அந்த நிலையிலும் ஒரு நொடி, தன் குரலைவிட இது இனிமையாக இருக்கிறதே என்று அவள் நெஞ்சு எரிந்தது.

"போதும்மா. வாயை மூடிக்கோங்க."

சின்னு வாயை மூடினாள். உதட்டைக் கையால் இறுக்கிப் பொத்தினாள்.

மருத்துவர் கையிலிருந்த விளக்கு தரையில் விழுந்து உருண்டது.

குரல் நிற்கவில்லை.