லேடாங் மலைக்கு ஒரு நகல்

"இடம் இல்லையாம்!" என்று தலையில் கை வைத்தார் வலேரியின் அம்மா கத்தரின். கணினித் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

வலேரி புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் ஆண்டு மாணவி அவள். பள்ளி விட்டதும் நேராக மலேசியாவின் தங்காக் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் அம்மாவின் எம்பிராய்டரிக் கடைக்குத்தான் வருவாள்.

அம்மா கணினியில் படம் வரைவார். தையல் இயந்திரம் அந்தப் படத்தை நூலால் அப்படியே ரவிக்கையில் தைத்துவிடும். இப்போது அவர் வரைந்துகொண்டிருந்தது லேடாங் மலை. ரவிக்கை தைக்கக் கொடுத்த செல்வராணி அக்காவும் மாப்பிள்ளையும் அந்த மலையில் ஏறும்போதுதான் முதன்முதலில் சந்தித்தார்களாம். அதனால் கல்யாண ரவிக்கையின் முதுகில் மலைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் அக்கா. மயில், மாங்காய் என்றால் அம்மாவிடம் எத்தனையோ இருக்கின்றன. மலைக்கு எங்கே போவது? பல நாளாகக் கண் வலிக்க வலிக்க வரைகிறார்.

"சேவ் பண்ண முடியலன்னா இன்னைக்கு வரைஞ்சதெல்லாம் போச்சு லா," என்றார் அம்மா.

"கவலைப்படாதீங்க மா. எல்லா டிசைனையும் பென்டிரைவ்ல போட்டுட்டேன். இங்க இருக்கிறத அழிச்சிடுங்க, இடம் கிடைச்சிடும்," என்றான் அண்ணன் டாரில். அவனுக்குப் பதினைந்து வயது. கணினியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் நினைப்பு.

"எல்லாத்தையுமா? அதுக்குள்ளயா?" வலேரிக்குச் சந்தேகம் தட்டியது. "அழிக்காதீங்க மா. கொஞ்சம் இருங்க!"

பென்டிரைவை வாங்கி டாரிலின் மடிக்கணினியில் செருகினாள். உள்ளே ஒரே ஒரு சின்னம் இருந்தது. தட்டினால் எதுவும் திறக்கவில்லை.

"அண்ணே, இது வெறும் ஷார்ட்கட். நீங்க கடையைத் தூக்கிட்டு வரல. 'கடைக்குப் போகும் வழி'ன்னு எழுதின பலகையைத்தான் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

"அலமாக்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான் டாரில். அவன் காது சிவந்துவிட்டது.

வலேரி அம்மாவின் இருக்கையில் உட்கார்ந்தாள். படம் வரையும் செயலியின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படங்கள் எல்லாம் C என்ற பகுதியில் முண்டியடித்துக்கொண்டிருந்தன. D என்ற பகுதியோ காலியாகக் கிடந்தது. ஒரே வீட்டில் ஓர் அறையில் அத்தனை பேரும் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, அடுத்த அறையைப் பூட்டி வைத்த மாதிரி!

'படங்களின் இடத்தை மாற்று' என்ற பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஊர்ந்தது. மூவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கோடு முடிந்ததும் அம்மா மலையைச் சேமித்தார். இந்த முறை சிவப்புக் கட்டம் வரவில்லை.

அம்மாவுக்கு நிம்மதி. வலேரிக்கு இல்லை. அந்தக் கணினி கிழடு. முடுக்கினாலே இருமும்.

"இதுவே படுத்துடுச்சுன்னா மலை எங்க மா இருக்கும்?"

அதற்கும் செயலியில் ஒரு வழி இருந்தது. 'தினமும் தானாக நகல் எடு.' வலேரி பென்டிரைவைக் கணினியில் செருகி அதைத் தேர்ந்தெடுத்தாள். இரவு பத்து மணி என்று செயலியே நேரம் குறித்திருந்தது. சரி என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் பென்டிரைவில் ஒரு நகலும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"அந்தச் செயலி சரியில்ல. விட்டுத் தள்ளு," என்றான் டாரில்.

வலேரியா விடுவாள்? அன்று கடை அடைக்கும்வரை கூடவே இருந்தாள். அம்மா விளக்கை அணைத்தார், விசிறியை நிறுத்தினார், பிறகு மெயின் சுவிட்சை 'டக்'கென்று இறக்கினார். கணினியும் சேர்ந்து அணைந்தது.

"இதான் சங்கதியா? பத்து மணிக்கு இது தூங்கிட்டு இருக்கு. அப்புறம் எப்படி நகல் எடுக்கும்?" என்று சிரித்தாள் வலேரி. "மா, மெயின் சுவிட்சை மட்டும் விட்டு வைக்கலாமா?"

"கூடவே கூடாது. போன வருஷம் எதிர் கடையில வயர் எரிஞ்சது மறந்துடுச்சா? இந்த வரிசையில யாரும் விட்டு வைக்கிறதில்ல."

அம்மா சொல்வது நியாயம்தான். அம்மாவை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டியது நேரத்தை.

அடுத்த நாள் பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்து, வலேரி அம்மாவையே கவனித்தாள். வரைவது, தைப்பது, நூல் மாற்றுவது என்று அம்மா ஓயவே இல்லை. நாலு மணி ஆனதும் எழுந்து மூலைக் கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போனார். மழை கொட்டியது. அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு போனார்! கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வலேரி நகல் எடுக்கும் நேரத்தை நாலு மணிக்கு மாற்றினாள். மறுநாள் அம்மா டீ குடிக்கப் போனதும் பென்டிரைவின் சின்ன விளக்கு கண் சிமிட்டியது. திறந்து பார்த்தாள். மலை இருந்தது!

"வந்துடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் டாரில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான்.

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று காலையில் கணினி இருமக்கூட இல்லை. எத்தனை முறை அழுத்தியும் திரை கறுப்பாகவே இருந்தது. நேரம் பார்த்து, செல்வராணி அக்காவும் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"அக்கா, ரவிக்கை ரெடியா? சாயங்காலம் சிகாமட் கிளம்பணும். நாளைக்குக் கல்யாணம்!"

அம்மா கறுப்புத் திரையைக் காட்டினார். "கம்ப்யூட்டர் போயிடுச்சு ராணி. இனிமேதான் தைக்கணும்..."

அக்காவின் கண்கள் கலங்கின.

"அழாதீங்கக்கா," என்றாள் வலேரி. பென்டிரைவை உருவினாள். டாரில் மடிக்கணினியைக் கொண்டு ஓடிவந்தான். "அந்தச் செயலிய இதுலயும் போட்டு வச்சிருக்கேன். முழுசா!" என்றான்.

வலேரி நகலைத் திறந்தாள். திரை கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு அடிவாரம் வந்தது, காடு வந்தது, உச்சியும் வந்தது.

"நேத்து டீக்கு அப்புறம் போட்ட மேகம் மட்டும் இல்ல," என்றார் அம்மா.

"மேகம் வரும், போகும் அக்கா. மலை இருக்கே, அது போதும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் செல்வராணி.

அம்மா வலேரியை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு ரவிக்கையை இயந்திரத்தில் மாட்டி, மடிக்கணினியை அதனோடு இணைத்தார். பச்சை நூல் அடிவாரத்திலிருந்து தடதடவென்று ஏறத் தொடங்கியது. அது உச்சியைத் தொடும்வரை வலேரி இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.