அக்காவின் மோட்டார்

சுவரோரம் நிறுத்தியிருந்த சைக்கிளிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மோட்டார் காயில் கட்டும் அந்தப் பட்டறையில் அது சாப்பாட்டு நேரம். லேத் ஓய்ந்திருந்தது. வெயிலில் கூரைத் தகரம் நெளிகிற முனகலும், புதிதாய் வார்னிஷில் முக்கிக் காயவைத்த காயில்களின் நெடியும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அவன் கையில் எடுத்த கவளத்தோடு திரும்பிப் பார்த்தான். சைக்கிள் வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

அந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியாதிருந்தால் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டிருப்பான். சைக்கிளில் அவன் பூட்டியிருந்த மோட்டாருக்குள்ளேயே ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கை வைத்தால்தான் அது ‘டக்’ என்று விடும். கையை எடுத்தால் மறுபடி ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது ‘டக்’ கேட்கும்வரை அவன் மூச்சு விடவில்லை.

“என்ன விஞ்ஞானி, சோத்த வெச்சுக்கிட்டு சைக்கிளயே பாத்துட்டு இருக்கீங்க? யாராவது கண்ணு வெச்சுடுவாங்கன்னு பயமா?” என்றார் லேத்துக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

விஞ்ஞானி என்ற பெயர் சைக்கிள் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. மோட்டார் பொருத்திய அந்தச் சைக்கிளை அவனே செய்திருந்தான். பழைய இரும்புக் கடையில் கோணிக் கிடந்த சட்டகத்தைத் தட்டி நேராக்கினான். மோதி நொறுங்கிய ஸ்கூட்டரின் முறுக்குப் பிடியை மாட்டினான். துருப்பிடித்த கேட்டிலிருந்து பட்டையை வெட்டி மோட்டாருக்குத் தொட்டில் செய்தான். பதினோரு நாள் வேலை. முறுக்கினால் தேனீக்கூட்டம்போல ரீங்கரித்துக்கொண்டு போகும். சிக்னலில் நிற்பவர்களெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

“மோட்டார் எங்கே புடிச்சீங்க?”

“அதுவும் பழைய இரும்புக் கடையிலதான்.”

சொல்லிச் சொல்லி அந்தப் பொய் எண்ணெய் போட்ட செயின்போல ஓடியது.

அந்த மோட்டார் அவன் அக்காவுடையது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்தவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அச்சகத்துக்காரர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு மோட்டார் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். அதில்தான் அவள் சமையலறைக்குப் போனாள், குளியலறைக்குப் போனாள், வாசல்வரை போய்ப் பால்காரரோடு வம்பளந்துவிட்டு வந்தாள். கைப்பிடி நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லீவர். அதைத் தள்ளினால் ‘டக்’ என்று பிரேக் விடும், ரீங்காரம் தொடங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் வீட்டில் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே அவன் ஸ்பேனரை எடுத்தான். பட்டறையை எட்டு கிலோமீட்டர் தள்ளி மாற்றியிருந்தார்கள். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. நாற்காலி எப்படியும் சும்மா கிடக்கத்தானே போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

“அண்ணி இன்னும் இருக்காங்கங்க.”

“தெரியும்” என்றான், திரும்பாமலே.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தபோது மோட்டாரை மறைக்கும் மூடிகளெல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. அவள் லீவரைத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள்.

“தம்பி, அசையலையேடா.”

“சும்மா கிடந்ததுல பாட்டரி செத்துப்போச்சுக்கா. கம்பெனிக்கு எழுதியிருக்கேன்.”

அவள் காத்திருந்தாள். ஜன்னலோரம் வைத்தால் ஜன்னலோரம், சுவரைப் பார்த்து வைத்தால் சுவரைப் பார்த்து. அவ்வப்போது கட்டைவிரல் லீவருக்குப் போகும். அவன் சைக்கிளைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டுச் சந்தில் நிறுத்தினான்.

ஒருநாள் அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டான்.

“தெருவுல ஒரு சத்தம் கேட்டுச்சுடா. என் வண்டி மாதிரியே இருந்துச்சு.”

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், காய்ந்த பிறகும். “அந்த மாதிரி மோட்டார் ஊருல எவ்வளவோ இருக்குக்கா.”

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிழை திருத்துகிறவளின் பார்வை, எழுத்தெழுத்தாக. பிறகு அவனுக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுபோலச் சிரித்து, “ஆமாம், இருக்குமில்ல” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அவன் அந்த அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டான்.

பட்டறையில் அந்த ‘டக்’ கேட்டது அதற்கு அடுத்த வாரம். மூன்று நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில், முறுக்குப் பிடியைத் தொடாமலே சைக்கிள் தானாக வேகம் எடுத்தது. பிரேக்கை அழுத்தினான், நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்தபடியே ஒரு கையால் மனைவிக்குப் போன் போட்டான்.

“அக்கா என்ன பண்றா?”

“லீவரத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஏங்க?”

சைக்கிள் சட்டென்று நின்றது. “இப்ப?”

“இப்பத்தான் கைய எடுத்தாங்க. தண்ணி கேக்குறாங்க. என்னாச்சு, ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தான். ஞாயிறு வந்தது. முதலாளியின் மைத்துனர் சைக்கிளைப் பார்க்க வருகிறாராம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினான். அவர் தோளில் தட்டினார். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிறுக்கு இரண்டு நாள் இருந்தது. மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழை இன்னும் விழவில்லை; மண்வாசனை மட்டும் வந்து பட்டறைக்குள் நின்றது. ஸ்டாண்டில் நின்ற சைக்கிள் ‘டக்’ என்றது. இரண்டாவது ‘டக்’குக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை. பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. ஒரே சீராக. அவன் ஓடிப்போய் பாட்டரி வயரைப் பிடுங்கினான். பாட்டரியையே கழற்றித் தரையில் வைத்தான்.

சக்கரம் சுற்றியது.

“அக்கா?” என்றான் போனில்.

“தூங்குறாங்க. லீவர் மேல கைய வெச்சபடியே தூங்கிட்டாங்க.”

“எழுப்பு.”

செருப்புச் சத்தம். “அண்ணி.” வளையல் குலுங்கும் சத்தம். “அண்ணி.” பிறகு போன் தரையில் விழுந்த சத்தம்.

அவன் சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். லேத்துக்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வழி நெடுக அவன் நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்று: அச்சகத்துக்காரர்கள் வருவார்கள். வாங்கிக் கொடுத்த நாற்காலியை நகர்த்துவார்கள். யாராவது மூடியைத் திறந்து பார்ப்பார்கள். செத்துப்போன அக்காவை விட அதுதான் அவன் நினைப்பில் நின்றது. அது அவனுக்கே தெரிந்தும் இருந்தது.

இருவருமாக அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். மற்ற விரல்கள் நிமிர்ந்தன. கட்டைவிரல் மட்டும் நிமிரவில்லை. எதையோ தள்ளுகிற மாதிரியே நின்றது. மனைவி கழுத்துவரை போர்த்திவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், “பக்கத்துல சொல்லிட்டு வரேன்” என்று போனாள்.

சைக்கிள் அறைக்கு வெளியே நடையில் சுவரில் சாய்ந்திருந்தது. ஆட்கள் வருமுன் மோட்டாரைத் திருப்பி மாட்டிவிடலாம். அரை மணி நேரம் போதும். அவன் நாற்காலியின் முன் மண்டியிட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே வெறும் கூடு. தூசியும் அறுந்த வயரும். அறையில் மருந்து வாசம். வெளியே முதல் தூறல்.

டக்.

அவன் திரும்பவில்லை. சக்கரம் சுற்றும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். அது பழகிவிட்டது.

ஆனால் இது ரீங்காரம் இல்லை. செயின் சத்தம். கிரீச், நிறுத்தம். கிரீச், நிறுத்தம்.

திரும்பினான்.

சைக்கிள் சுவரை விட்டு விலகி நேராக நின்றது. யாரும் பிடித்திருக்கவில்லை. இருக்கையின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது, ஒரு ஆள் எடைக்கு. பெடல் சுற்றியது. மோட்டார் ஓடினால் அந்தச் சைக்கிளில் பெடல் சுற்றாது. அவன் செய்த வண்டி, அவனுக்குத் தெரியும். பெடல் சுற்ற வேண்டுமென்றால் கால் வேண்டும்.

வலது பெடல் கீழே போனது. தயங்கியது. இடது பெடல் கீழே போனது. நடை பழகுகிற மாதிரி. முன்சக்கரம் அறை வாசல் பக்கம் திரும்பியது.

“அக்கா” என்றான்.

அவனுக்குப் பக்கத்தில், கட்டிலில், துணி உரசியது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

முகம் அசையவில்லை. கைகள் அசையவில்லை. போர்வைக்குக் கீழே, பதினோரு வருடமாக அசையாத முழங்கால் ஒன்று மெல்ல உயர்ந்தது. இறங்கியது. அடுத்தது உயர்ந்தது. நடையில் செயின் கிரீச்சிட்டது. ஒன்று மாற்றி ஒன்று. ஒன்று மாற்றி ஒன்று. இன்னும் கொஞ்சம் வேகமாக.