மூன்றாவது டோக்கன்

படகில் ஏறியதுமே டீச்சரின் கண்ணை உறுத்தியது அந்தப் பலகைதான். கடலுக்குள் இறங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பித்தளை டோக்கன் தொங்கும். மேலே வந்ததும் அவரவர் கையாலேயே அதைக் கழற்ற வேண்டும், ஒன்று மிச்சமிருந்தாலும் படகு கிளம்பாது. இன்று இறங்கப்போவது ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வந்த அவளும், கற்றுக்கொடுக்கும் மாஸ்டரும் மட்டும்தான். ஆணிகளில் மூன்று டோக்கன்கள் தொங்கின.

"மூணாவது யாருக்குங்க?"

படகுக்காரர் ஃபாரத்தை நீட்டினார். "கூட வர்றவர் பேருன்னு கேட்ட இடத்துல நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க?"

அவள் கையெழுத்தேதான். கணவன் பெயர். இருபத்தாறு வருஷமாக எந்த ஃபாரத்தை நீட்டினாலும் எழுதிப் பழகிய கை. அவர் இறந்து பதினோரு மாதமானது அதற்கு இன்னும் உறைக்கவில்லை. இரண்டு பேருமாகத் திட்டம் போட்ட விடுமுறை இது. தனியாகப் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்று தங்கை கேட்டதும், அந்த வீம்பில் இவள் கிளம்பி வந்துவிட்டாள்.

"அவர் வரலைங்க," என்றாள். படகுக்காரர் தலையாட்டினார், ஆனால் டோக்கனை எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க மேடம்," என்றார் மாஸ்டர். "என்ன ஆனாலும் மூச்சை நிறுத்தாதீங்க."

கீழே வெளிச்சம் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. வாயில் மூச்சுக்குழாயின் ரப்பர் கசந்தது, காதுக்குள் தண்ணீர் அழுத்தியது, அவள் இழுக்கிற மூச்சு சீறலாகவும் விடுகிற மூச்சு குமிழிகளின் கடகடப்பாகவும் மண்டைக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது, அதற்கு அடியில், கொஞ்சம் பிந்தி, இன்னொரு மூச்சும் கேட்டது.

மாஸ்டருடையது என்று நினைத்தாள். ஆனால் அது மூன்று முறை வந்தது, நின்றது, பிறகு நீளமாக ஒன்று வந்தது. கணவர் தூங்கும்போது விடுகிற மூச்சு. "வண்டி சிக்னல்ல நிக்குது" என்று கேலி செய்வாள். கடைசி ராத்திரியும் நின்றது. தானாகக் கிளம்பும் என்று புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

யாருடைய மூச்சு என்று பார்க்கத் தன் மூச்சை நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

ஒரு கை அவள் வலது கையைப் பற்றியது. கட்டைவிரல் அவள் விரல் முட்டிகளை மெல்லத் தேய்த்தது. பதினோரு மாதமாக யாரும் தொடாத கை. பயத்தையும் மீறி அவள் கைக்கு அந்தத் தொடுதல் பிடித்திருந்தது. மாஸ்டர்தான், தைரியம் சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள்.

திறந்தபோது மாஸ்டர் எதிரே இருந்தார். இரண்டு கைகளாலும் சைகை காட்டிக்கொண்டிருந்தார். சரியா? சரியா?

உதறினாள். விடவில்லை. மறுபடி உதறினாள். விட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை.

படகில் ஏறியதும் மாஸ்டர் தன் டோக்கனைக் கழற்றினார். அவளும் கழற்றினாள்.

"போகலாம்ங்க."

"ஒண்ணு இருக்கேம்மா."

"அது தெரியாம எழுதினது. அப்படி ஆளே இல்லைங்க. நீங்களே எடுத்துடுங்க."

படகுக்காரர் ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரும் பார்த்தார். குமிழிகள். ஒரு கொத்து. இன்னொன்று. மூன்றாவது.

நின்றது.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் காத்திருக்காமல் தூங்கிவிட்டாள். இன்றைக்குக் கண் கொட்டாமல் காத்திருந்தாள், வந்துவிடக் கூடாது என்று.

நீளமாக ஒன்று வந்தது.

ஏணியின் கடைசிப் படியில் கனம் ஏறியது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.