மக்கள் பேரில்

டம்ளரைக் கவிழ்த்த பிறகும் தண்ணீர் முழுதாகக் கீழே விழவில்லை. கடைசிச் சொட்டு விளிம்பிலேயே தொங்கியது. பிறகு அவசரமே இல்லாமல் ஒரு நூலாக நீண்டு, சிங்க் வரை இறங்கி, அறுந்துபோகாமல் லேசாக ஆடியது. தமயந்தி டம்ளரை உயர்த்தினாள். நூலும் கூடவே உயர்ந்தது.

பிற்பகல் மூன்றரை மணி. ஜன்னலுக்கு வெளியே பெங்களூரின் ஜீவனஹள்ளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது; பின் தெருவில் யாரோ டைல்ஸ் அறுக்கும் சத்தம், ஹாலில் திறந்து வைத்த லேப்டாப்பில் கணவன் ஹரிஷ் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நீண்டுகொண்டே போகும் அவளுடைய ஆபீஸ் மீட்டிங்கின் முணுமுணுப்பு, அடுப்பில் தாளித்த கறிவேப்பிலையின் மணம், எல்லாம் வழக்கம்போல இருந்தன. அந்த நூல் மட்டும்தான் வழக்கத்தில் சேரவில்லை. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். வெதுவெதுப்பாக ஒரு வாடை. காலையில் குழந்தையின் தலையணை உறையில், வாய் பட்ட இடத்தில் அடிக்குமே, அதே வாடை.

எச்சில்.

இந்தத் தண்ணீரில்தான் அரிசி வெந்தது. இதில்தான் மாவு பிசைந்தாள், காலையில் வாய் கொப்பளித்தாள், வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கினாள், பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்து அதே தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருபத்துநாலு வீடும் மூன்று மாதமாக எதன் வாயிலிருந்தோ வருவதைக் குடித்துக் குளித்துக்கொண்டிருக்கிறது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவக் குழாயைத் திறந்தவள், வந்ததைப் பார்த்ததும் பதறி மூடினாள்.

எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கேவலம்.

இரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தின் போர்வெல் வறண்டு கிடந்தது. டேங்கருக்குக் காத்துக் காத்து வீட்டுக்கு வீடு சண்டை. மார்ச் மாதக் கூட்டத்தில் அசோசியேஷன் செயலாளர் வெங்கடகிருஷ்ணனை எல்லோரும் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அரசாங்க வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு தலைமுறையாகப் பெங்களூர்க்காரர், ஒருவரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாதவர். துணைச் செயலாளர் தமயந்தி. திருவண்ணாமலையிலிருந்து வந்து நாலு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் நோட்டீஸ் எழுதுவதிலும் யார் மனமும் நோகாமல் பதில் சொல்வதிலும் கெட்டிக்காரி. 'தமயந்தி சொன்னா சரியா இருக்கும்' என்று அந்தக் கட்டடமே நம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானம், வெங்கடகிருஷ்ணன் மலைப்பக்கத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். செய்யக் கூடாத வேலை என்று இருவருக்கும் தெரியும். சட்டமும் விடாது, சாமியும் விடாது. ஆனால் தண்ணீர் வேண்டுமே. அந்த ஆள் மோட்டார் அறைக்குப் பின்னால் வறண்ட குழாயின் வாயில் முகத்தை வைத்து வெகுநேரம் கன்னடத்தில் பேசினான். பிறகு தலையைத் திருப்பிக் கேட்டான்.

"யார ஹெசரல்லி?"

யார் பேரில். இது தமயந்திக்கே புரிந்தது. வெங்கடகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தன் பேரைச் சொல்ல அவருக்கு மனமில்லை. தன் பேரைச் சொல்ல அவளுக்கும் மனமில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் தனியாக யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நோட்டீஸ் எழுதிப் பழகிய புத்தி சட்டென்று வேலை செய்தது.

"மக்கள் பேர்ல," என்றாள்.

அந்த ஆள் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். பிறகு குழாய்க்குள் குனிந்து அதைச் சொன்னான். வெங்கடகிருஷ்ணனின் கை கண்ணாடி மேல் அப்படியே நின்றது. நாலாம் நாள் போரில் தண்ணீர். 'புதிய ஊற்று கிடைத்துள்ளது, பரிசோதனை முடிந்தது, குடிக்கலாம்' என்று அவள்தான் அசோசியேஷன் வாட்ஸ்அப் க்ரூப்பில் போட்டாள். பழைய லேப் ரிப்போர்ட்டில் தேதியை மட்டும் மாற்றிக் கூடவே சேர்த்தாள். பதிலுக்குக் கைகூப்பிய படங்களாக வந்து குவிந்தன. ஒருவர் அவளுக்கு மைசூர்பாக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது மைசூர்பாக் இல்லை, மகள் தர்ஷினியின் கை.

இரண்டு வாரமாகக் குழந்தையின் விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியே இருந்தன. டாக்டர் ஏதோ களிம்பு கொடுத்தார். இன்று காலை பின்னல் போடும்போது முழங்கைக்குக் கீழே தொட்டாள். தோல் வெளுத்து, வழவழவென்று, சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல இருந்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு வேறு தண்ணீரே இறங்குவதில்லை. ஸ்கூலுக்கும் வீட்டுத் தண்ணீரைத்தான் கொண்டுபோவேன் என்று அழுகிறாள். போன வாரம் லிஃப்டில் பார்த்த மூன்றாம் மாடி ஷ்ரேயாஸின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும்.

வேன் நாலே காலுக்கு வரும். அதற்குள் தர்ஷினியை இந்தத் தண்ணீரிலிருந்து பிரித்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

செல்போனை எடுத்து க்ரூப்பில் எழுதினாள். 'யாரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குழந்தைகளைத் தொடவே விடாதீர்கள். அது ஊற்றுத் தண்ணீர் இல்லை. நானும் செயலாளரும் உங்களிடம்'

அங்கே விரல் நின்றது. உங்களிடம் என்ன? பொய் சொன்னோம் என்றா? ரிப்போர்ட்? அந்த ஆள்? போலீஸ் வரும். ஹரிஷுக்குத் தெரிந்துவிடும். மைசூர்பாக் கொடுத்தவர் முகத்தில் எப்படி முழிப்பது? ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழித்த இடத்தில் அவளுக்கு நன்றாக வரக்கூடிய ஒன்றை எழுதினாள். 'இன்று மாலை சம்ப் க்ளீனிங். ஏழு மணி வரை யாரும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம். ஒத்துழைப்புக்கு நன்றி.'

கட்டை விரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. எல்லாவற்றையும் யாராவது ஒருவர் கவனித்துக்கொள்வார் என்ற நிம்மதி அந்தக் கட்டை விரல்களில் தெரிந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு நாலாம் மாடிக்கு ஏறினாள். வெங்கடகிருஷ்ணன் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், ஷூ ஸ்டாண்ட் பக்கத்தில், இருபது லிட்டர் வாட்டர் கேன்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. சுவரோரமாக ஆள் உயரத்துக்கு.

"சார், தண்ணி…" என்றாள். மேலே சொல்ல வாய் கூசியது. "எச்சில் சார் அது."

"உள்ள வாங்கோ."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் உட்காரவில்லை. "ஊத்துன்னு எழுதினேள் க்ரூப்ல. சரியாத்தான் எழுதினேள். ஊறறதுதானே அது. வாயில எச்சில் எப்போ ஊறும், தமயந்தி? சாப்பாடு வரப்போறதுன்னு தெரிஞ்சா ஊறும்."

"என்ன சாப்பாடு?"

"நீங்கதானே சொன்னேள். மக்கள் பேர்லன்னு."

"நான் ஜனங்கன்னு சொன்னேன் சார்! பொதுவா! அசோசியேஷன் பேர்லன்னுதான்…"

"தமிழ்ல சொன்னேள். அது கன்னடத்துல கேட்டுண்டுது. கன்னடத்துல மக்களுன்னா குழந்தைகள்மா."

டைல்ஸ் அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. தமயந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தமிழில் மட்டும் என்ன? மக்கட்பேறு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா? தப்பிக்க ஒரு சொல்லைத் தேடினாள். அந்தச் சொல்லுக்குள் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"வாய்லேர்ந்து போயிடுத்து. வாபஸ் வாங்க முடியாதுன்னான் அவன்."

"உங்க பேரன் எங்க சார்?"

"மைசூர்ல. போன மாசமே அனுப்பிச்சாச்சு." அவர் கேன்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். என்னன்னு சொல்றது? பேனிக் ஆயிடும். நம்பி ஓட்டுப் போட்ட ஜனம். நீங்க சொன்னேளா, சொல்லுங்கோ?"

அவளுடைய கையில் செல்போன் சூடாக இருந்தது. இருபத்திரண்டு கட்டை விரல்கள். அந்த மனிதரின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று வந்தது. வாயில் ஊறியதை நினைத்ததும் அதுவும் முடியவில்லை.

கீழே வேனின் ஹாரன் கேட்டது.

சில நிமிடம் நின்றும் லிஃப்ட் வரவில்லை. படிகளில் ஓடினாள். படிக்கட்டு முழுக்க அந்த வாடை. வெதுவெதுப்பாக, இனிப்பாக, பால் குடித்த வாயின் வாடை. கைப்பிடிக் கம்பி பிசுபிசுத்தது. சுவருக்குள் போகும் குழாய்களில் ஏதோ மெதுவாக விழுங்கும் சத்தம், நின்று, மறுபடி விழுங்கும் சத்தம். மூன்றாம் மாடியில் ஷ்ரேயாஸின் அம்மா ஸ்வர்ணா கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"தமயந்தி, வேன் வந்துச்சே, பசங்க யாரும் மேல வரலியே? நோடிதீரா, பாத்தீங்களா?"

சொல்லிவிடலாம். இப்போதாவது. ஒரே வரி.

"கீழ விளையாடறாங்க," என்றாள் தமயந்தி. "நான் கூட்டிட்டு வரேன்."

ஸ்வர்ணா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

இரண்டாம் மாடி. முதல் மாடி. வாட்ச்மேன் ரெமிஜியஸ் கையில் பினாயில் பாட்டிலும் துடைப்பமுமாக எதிரே வந்தார். நீலசந்திராவிலிருந்து பதினாலு வருடமாக சைக்கிளில் வந்து போகிறவர், சொன்ன வேலையைத் தட்டாதவர்.

"எங்க போறீங்க?"

"பம்ப்பை நிறுத்தத்தான் மேடம். சம்ப் மூடியைத் திறந்து வச்சுட்டேன்."

"யாரு திறக்கச் சொன்னது?"

"நீங்கதானே க்ரூப்ல போட்டீங்க, க்ளீனிங்னு." அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "பூட்டை உடைச்சுத்தான் திறந்தேன் மேடம். சாவி செயலாளர் கிட்ட இருக்குதுன்னு… ஏன், என்னாச்சு?"

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கட்டடத்தின் பின்பக்கம். வெயில். காம்பவுண்டு சுவர். ஸ்கூல் பைகள் வரிசையாக, ஒழுங்காக, சுவரோரம். இரும்பு மூடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சத்தமே இல்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லை.

தரையடித் தொட்டியான அந்தச் சம்ப்பின் சதுர வாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கால்களை உள்ளே தொங்கவிட்டு. தோளோடு தோள் ஒட்டி. எல்லோரும் ஒரே பள்ளி, திங்கட்கிழமை வெள்ளைச் சீருடை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே தண்ணீர் விளிம்பு வரை வந்திருந்தது. நுரைத்திருந்தது. பிள்ளைகளின் முழங்காலுக்கு மேல் ஏறியும் இறங்கியும், ஏறியும் இறங்கியும்.

பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த வெள்ளை வரிசை என்ன என்று. பற்கள். திறந்த வாயில் வரிசையாக முளைத்த பால் பற்கள்.

ஷ்ரேயாஸுக்கும் அடுத்த பையனுக்கும் நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே மடித்து வைத்த சாக்ஸ். ஒரு ஷூவுக்குள் தர்ஷினியின் சிவப்பு ரிப்பன்.

"தர்ஷினி!"

தண்ணீர் ஒருமுறை தளும்பியது.

அவள் அந்த இடைவெளியில் மண்டியிட்டு விழுந்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள். சூடு. கொழகொழப்பு. நூல் நூலாக. துழாவினாள். இன்னும் கீழே. இன்னும். ஒரு சின்னக் கை அவள் கையைப் பற்றியது. அவளுக்குத் தெரிந்த கைதான். அவள் வெட்டிவிட்ட நகம், அவள் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. எலும்பு மட்டும் இல்லை.

"அம்மா இருக்கேன்டா. விடாத. அம்மா சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்…"

மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். ரெமிஜியஸ் ஓடிவரும் காலடி கேட்டது. அவள் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அந்தக் கையும் அவளைப் பிடித்து இழுத்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் எதிரேயும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், ஒரு வார்த்தை பேசாமல், ஒரே நேரத்தில் அவள் மேல் குனிந்தார்கள்.