இறக்கி வைத்த ஃபேடர்

அன்று காலை அந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இருந்தவர்கள் நாலே பேர்.

யார் யார், எங்கெங்கே என்பதை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் குழப்பம் வராது.

மிக்ஸர் மேசைக்கு நேர் எதிரே, சுழல் நாற்காலியில் இசையமைப்பாளர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

அவருக்கு இடப் பக்கம், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால், சவுண்ட் என்ஜினியர். பெண். வாய் எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

சுவரோர சோபாவில் மாஸ்டரின் மச்சினன். மனைவியின் தம்பி. ஸ்டூடியோ மேனேஜர் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் உட்கார்ந்திருந்தான் என்பதைவிட, கிடந்தான் என்பதுதான் சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறையில், காதில் ஹெட்போனோடு பாடகி. அவள் உட்காரவில்லை. நின்றபடி பாடிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு காப்பிக் கப். பக்கத்தில் இருந்த இன்னொரு கப் இப்போதுதான் காலியாகியிருந்தது...

மேசையில் இருந்த ஃபேடர்கள், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்கள், யாரும் தொடாமலே ஏறி இறங்கின. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, உள்ளே இருக்கும் குட்டி மோட்டார்கள் அவற்றை நகர்த்தின.

பாடகி சரணத்துக்குப் போனாள். கண்ணாடி வழியே பார்த்தாள்.

பாட்டு நின்றது.

"வீ...ல்!"

மாஸ்டர் மேசை மேல் குப்புற விழுந்து கிடந்தார். ஃபேடர்கள் தம் பாட்டுக்கு அவர் கன்னத்தை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன!

*

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் மச்சினன் ஓடி வந்தான். கண்ணில் தண்ணீர் இல்லை. தொண்டையில் மட்டும் ஏகப்பட்ட அழுகை.

"சார்! இவதான் சார்! இவ மாட்டின வயருதான்! இந்த மிக்ஸரைக் கம்ப்யூட்டரோட இணைக்கறேன், அந்தப் பெட்டியோட இணைக்கறேன்னு நாளெல்லாம் நோண்டிக்கிட்டே இருந்தா. மாமாவுக்கு ஷாக் அடிச்சிருச்சு!"

"ஷாக்கா?" இன்ஸ்பெக்டர் மேசையைச் சுற்றி வந்தார். "ஏம்மா, நீதான் இதெல்லாம் மாட்டினியா?"

"நான்தான் சார். இது மிக்ஸர். இந்த ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகுது. இந்தச் சின்னப் பெட்டி கன்ட்ரோலர். ஓட்டறது, நிறுத்தறது, பின்னால தள்றது எல்லாம் இதுல செய்யலாம். இதுல ஷாக் அடிக்காது சார். வேணும்னா தொட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் கூட வந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார்.

"நீ தொடுய்யா."

"சார்... எனக்கு ரெண்டு பொண்ணு சார்!"

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் காதில் வைத்தார். நெற்றி சுருங்கியது. போனை மூடினார்.

"டாக்டர் பேசறார். ஷாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. காப்பியில விஷம்! இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிசாம்."

மச்சினன் ஒரு விநாடிகூட வீணாக்கவில்லை.

"அப்ப சந்தேகமே இல்ல! ரெண்டு கப்பையும் தொட்டது இவ ஒருத்திதான். மேசை மேல இருந்ததை எடுத்துப் பின்னால வச்சதே இவதான்! கேளுங்க சார், இல்லைன்னு சொல்லட்டும்!"

"எடுத்தியாம்மா?"

"எடுத்தேன் சார்." என்ஜினியரின் குரல் இறங்கியது. "மிக்ஸர் மேல காப்பி, தண்ணி எதுவும் வைக்கக் கூடாது. கொட்டினா மேசையே போச்சு. எந்த ஸ்டூடியோவுலயும் இதுதான் வழக்கம். தினமும் அவங்க வைப்பாங்க... தினமும் நான் எடுப்பேன்."

"அவருக்கும் உனக்கும் ஏதாவது தகராறு?"



"நான் சொல்றேன் சார்," என்றான் மச்சினன். "போன வாரம் கத்தினா. 'இனிமே மெட்டுக்கு என் பேரைப் போடணும், இல்லைன்னா வெளியில சொல்லிடுவேன்'னு மாமாவையே மிரட்டினா!"

"உண்மையா?"

"மிரட்டல சார். கேட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "நான் வேலை செய்யும்போது முணுமுணுப்பேன். எல்லாத்தையும் பதிவு பண்ணச் சொன்னார். 'நல்ல பழக்கம்மா, எதுவும் வீணாகக் கூடாது'ன்னார். அப்புறம் அது அவர் பேர்ல பாட்டா வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல..."

பாடகி இடையில் பாய்ந்தாள். "சார், அக்கா ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க!"

"நீ சும்மா இரும்மா. எறும்பு யாரும் புகார் கொடுக்கல." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கப்பைத் தொட்டிருக்கே. கோபமும் இருந்திருக்கு. நான் வேற என்ன பண்றது, சொல்லு? வண்டியில ஏறு."

பெண் கான்ஸ்டபிளை வரச் சொல்லி வயர்லெஸ்ஸில் தகவல் போனது. என்ஜினியர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'உள்ளே போனால்... என் பேரே இனி கொலைகாரிதான்!'

கண் தானாகத் திரைக்குப் போனது.

மூலையில் சிவப்பு விளக்கு!

"சார்... ஒரு நிமிஷம். மிஷின் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

"என்னது?"

"ரெக்கார்டிங் சார். நான் வந்ததும் ஆரம்பிச்சேன். நிறுத்தவே இல்ல!"

"அதுல பாட்டுதானே இருக்கும்?"

"பாட்டு ஒரு டிராக்ல தனியாப் பதியுது. ஆனா இந்த ரூம்லயும் ஒரு மைக் இருக்கு." மேசை நடுவில் வாத்துக் கழுத்து போல் வளைந்து நின்ற மைக்கைக் காட்டினாள். "என் முணுமுணுப்பெல்லாம் பதியறது இதுலதான்."

மச்சினன் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு.

"சார், சும்மா நேரத்தைக் கடத்தறா. அந்த மைக்கை மாமா அப்பவே ஆஃப் பண்ணிட்டாரு. என் கண்ணு முன்னாலதான் ஃபேடரை அடி வரைக்கும் இறக்கினாரு. பாருங்க, இப்பவும் கீழதான் இருக்கு!"

உண்மைதான். வரிசையின் கடைசி ஃபேடர் அடிமட்டத்தில் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாகவே பார்த்தார்.

"உங்க மாமா எதுக்குத் தம்பி மைக்கை ஆஃப் பண்ணினாரு?"

"அது... சும்மா... ஏதோ குடும்ப விஷயம்."

"இந்தம்மா அப்ப எங்க?"

"உள்ள, பாடகிக்கு மைக் உயரம் சரிபண்ணப் போயிருந்தா."

"ஆமா சார்," என்றாள் பாடகி. "கண்ணாடி வழியா நான் பார்த்தேன். மாஸ்டரும் இவரும் தலையோட தலை வச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. எங்களுக்கு எதுவும் கேக்காது. இங்க பட்டனை அமுக்கினாத்தான் கேக்கும்."

என்ஜினியர் திரையை நெருங்கினாள். கடைசி டிராக்கைப் பெரிதாக்கினாள்.

பச்சைக் கோடு... கம்பளிப்பூச்சி போலத் தடிமனாக நெளிந்திருந்தது!

"சார்! பதிவாகியிருக்கு!"

"முடியாது!" மச்சினன் எகிறினான். "ஃபேடர் கீழ இருக்கே!"

"மாஸ்டர் பழைய மேசையில அப்படித்தான் பழகியிருக்கார். ஃபேடரை இறக்கினா டேப்புக்கும் சத்தம் போகாது." அவள் குரலில் தெம்பு வந்தது. "இதுல ஃபேடருக்கு ரெண்டு வேலை சார். இந்தப் பட்டனை அமுக்கினா மிக்ஸரோட சத்தத்தை மாத்தும். அந்தப் பட்டனை அமுக்கினா கம்ப்யூட்டர்ல ஓடற சாஃப்ட்வேரை மாத்தும். நான் சாஃப்ட்வேர்ல விட்டுட்டுப் போயிருந்தேன். மைக் சத்தம் கேபிள் வழியா முதல்ல போய்ப் பதிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் இந்த ஃபேடர். இதை இறக்கினா நமக்குக் கேக்கறதுதான் நிக்கும். பதியறது நிக்காது!"

"வாயைப் பொத்தறதுக்குப் பதிலா காதைப் பொத்திக்கிட்டாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதேதான் சார்!"

"போடு. கேப்போம்."

என்ன பேசினார்கள் என்று அவளுக்கும் தெரியாது. வெறும் குடும்ப வம்பாக இருந்தால்? வண்டி வாசலில் நிற்கிறது... அவள் கன்ட்ரோலரின் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினாள்.

சடசடசட!

மேசையில் இருந்த ஃபேடர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிக் குதித்தன!

"ஐயோ! பேய்!" கான்ஸ்டபிள் சோபாவின் மேலேயே ஏறிவிட்டார்.

"பேய் இல்லண்ணே, மோட்டார். பின்னால தள்ளினா அந்த இடத்துக்கு ஓடிப் போய் நிக்கும்."

கடைசி ஃபேடரை மேலே தள்ளினாள். ஸ்பீக்கரில் கரகரப்பு. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மாஸ்டரின் குரல், கிசுகிசுப்பாக.

"மாப்ளே... கலந்துட்டியா?"

"கலந்தாச்சு மாமா. அவ பக்கத்துக் கப்பு. இடது கை பக்கம். மறந்து நீங்க எடுத்துடாதீங்க."

"எனக்கு என்ன பைத்தியமா? நான் வலது பக்கம்தான் எடுப்பேன். அந்தக் கப்பைப் பாக்கறதுக்கே பயமா இருக்கு."

"பாக்காதீங்க. நேரா திரையைப் பாருங்க. அவ மூச்சு நின்னா உங்க பேருக்கு ஆபத்து இல்ல."

பாடகி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். கான்ஸ்டபிள் சோபாவிலிருந்து நேராக அவன் முன்னால் குதித்தார்.

"எங்க தம்பி? இன்னும் பாட்டு முடியலையே!"

ஸ்பீக்கரில் கதவு திறந்தது. என்ஜினியரின் குரல்.

"மாஸ்டர்! மறுபடியும் மிக்ஸர் மேலயா காப்பி? எத்தனை தடவை சொல்றது?"

டங். டங். கப்புகள் நகரும் ஒலி. பிறகு ஒரு முணுமுணுப்பு... பிறகு பாட்டு ஆரம்பித்தது.

என்ஜினியர் நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"சார்... அது எனக்கா?"

"உனக்குத்தாம்மா." இன்ஸ்பெக்டர் முகவாயைத் தடவினார். "ஆனா அவர் வலது பக்கம்னுதானே சொன்னார்? அப்புறம் எப்படி... யோவ், இங்க வந்து உக்காரு."

கான்ஸ்டபிள் பயந்து பயந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சினனின் சட்டைக் காலரை மட்டும் விடவில்லை. அவனும் கூடவே வந்தான்.

"ஏம்மா, காலையில எடுத்த மாதிரியே இப்ப எடு."

ஆதாரத்துக்காகப் பத்திரமாக மூடி வைத்த கப்புகளைத் தொடாமல், மிக்ஸர் மேல் இடப் பக்கம் சிவப்பு, வலப் பக்கம் நீலம் என இரண்டு பேனா ஸ்டாண்டுகளை வைத்தார்கள். அவள் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று எடுத்தாள். அப்படியே திரும்பினாள். பின்னால் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"இப்ப நீ திரும்பிப் பாக்காதய்யா! திரையைப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால விட்டு எடு."

கான்ஸ்டபிள் கையை விட்டார். எடுத்தார். முன்னால் கொண்டுவந்து பார்த்தார்.

"சார்! சிவப்பு! இது அந்தம்மாவோடது!"

"அவ்வளவுதான்!" இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். "இந்தம்மா திரும்பி நின்னு வச்சா. இடது வலதாச்சு. அந்த மனுஷன் திரும்பாமலே எடுத்தார். இவ கப்பைப் பாக்கப் பயந்துக்கிட்டு, இவ கப்பையே குடிச்சிட்டார்!"

மச்சினன் தரையில் உட்கார்ந்துவிட்டான். இப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மாமாதான் சார் சொன்னாரு... நான் வெறும் கலக்கினது மட்டும்தான்!"

"சர்க்கரை கலக்கின மாதிரி பேசறான் பாருய்யா! விலங்கை மாட்டு."

பாடகி ஓடி வந்து என்ஜினியரைக் கட்டிக்கொண்டாள். "அக்கா... நீங்க காப்பியை ஆற வச்சுக் குடிக்கிற ஆள். அதான் உங்க கப்பை அவர் முந்தி எடுத்துட்டார், நீங்க பொழச்சீங்க!"

"பாட்டு முடியட்டும்னு வச்சிருந்தேன் பாப்பா."

"யார் மெட்டுக்கா அது?"

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. "என்னோடதுடீ!"

அப்போது மறுபடியும் போன்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்கக் கேட்க அவர் மீசை விரிந்தது.

"அப்படியா டாக்டர்?... கண்ணைத் திறந்துட்டாரா?... என்ன சொல்றார்?... இன்னொரு தடவை சொல்லுங்க!... சரி. எழுத்துல வேணுமா? தாராளமா!"

போனை மூடினார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர் பொழச்சுக்கிட்டார்!"

மச்சினன் விலங்கோடு விறைத்தான்.

"வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'என் என்ஜினியர்தான் விஷம் வச்சா. என் உயிருக்கு ஆபத்து. எனக்கு உடனே போலீஸ் பாதுகாப்பு வேணும்!'"

பாடகிதான் முதலில் சிரித்தாள்.

இன்ஸ்பெக்டர் மேசையோரம் உட்கார்ந்தார். மிக்ஸர் மேல் அல்ல, பக்கத்தில் இருந்த சாதாரண மேசையில். தாளை எடுத்தார். கையெழுத்து நிதானமாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு ஓடியது.

'தலைமை மருத்துவர் அவர்களுக்கு. தங்கள் நோயாளி கேட்டுக்கொண்ட போலீஸ் பாதுகாப்பு இன்று முதல் வழங்கப்படுகிறது. அறை வாசலில் இருவர், ஜன்னலருகே ஒருவர் நிற்பார்கள். அவர் எழுந்து நடக்கும் நிலை வந்ததும் எங்களிடமே ஒப்படைக்கவும். இப்படிக்கு...'

கையெழுத்துப் போட்டார். மடித்தார். உறையில் போட்டு ஓரத்தை ஒட்டினார். முத்திரை குத்தி, கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

"நேரா டாக்டர் கையில கொடு."

கான்ஸ்டபிள் சல்யூட் அடித்தார். வாசல் வரை போனார். திரும்பினார்.

"சார், எத்தனை நாளைக்குப் பாதுகாப்புன்னு கேட்டா என்ன சொல்றது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அதை ஜட்ஜ் சொல்லுவார்யா... என் அனுபவத்துல, எப்படியும் பத்து வருஷத்துக்குக் குறையாது!"